ஓடாவி ஏறாத நாற்காலி

“ஊத்துங்க, இன்னும் ஊத்துங்க” என்று நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த அல்போன்சா கத்தினாள்.

அவள் புருஷன் ரோச் மூன்றாவது குடத்தையும் கவிழ்த்தார். தண்ணீர் நாற்காலியின் சரிவில் ஓடி, உட்காரும் பலகைகளும் முதுகுப் பலகைகளும் சேரும் பள்ளத்தில் குளமாக நின்றது. மேலே இருந்த வேப்பமரத்திலிருந்து பழுத்த இலை ஒன்று விழுந்து அதில் மிதந்தது. அல்போன்சா கைபேசி விளக்கைப் பலகைகளின் அடியில் ஒவ்வொரு இணைப்பாக அடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏளா, பொட்டு ஏதும் தெரியுதா?”

“ஒரு பொட்டு இல்ல. காஞ்ச கருவாடு மாதிரி கெடக்கு.”

“மூலையில பாத்தியா?”

“மூலையிலயும் பாத்தாச்சி. ஒழுகல.”

ரோச் காலிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். கோயில் திருவிழாவில் பந்தயப் படகு முந்தும்போது துண்டைச் சுழற்றுவாரே, அதே ஆட்டம்.

திரேஸ்புரம் கடற்கரையில் புது வள்ளத்தை இப்படித்தான் சோதிப்பார்கள். தண்ணீர் உள்ளே வருகிறதா என்று தெரிந்துகொள்ள அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கரையில் வைத்தே உள்ளே தண்ணீரை நிரப்பி, வெளியே எங்கே ஈரம் கசிகிறது என்று சுற்றி வந்து பார்த்தால் போதும். கசிகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்கள். பிறகு பஞ்சைத் திரியாகத் திரித்து, அந்த இடுக்கில் மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய சாந்தை மேலே பூசி மூடுவார்கள். இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். வள்ளம் கட்டுகிறவருக்கு ஓடாவி என்று பெயர். ரோச் இருபத்தெட்டு வருடமாக ஓடாவி. அவர் கலப்பத்து அடித்த வள்ளத்தில் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டாம் என்பார்கள்.

ஆனால் இந்த ஏழு மாதமாக அவர் எந்த வள்ளத்திலும் கால் வைக்கவில்லை. சாரத்திலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் நொறுங்கிப்போய், உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். நிற்கலாம், நடக்கலாம். குத்தவைக்க முடியாது. ஓடாவி வேலையில் பாதி, வள்ளத்தின் வயிற்றுக்குள் குத்தவைத்துச் செய்கிற வேலை. எதில் உட்கார்ந்தாலும் அல்போன்சாவின் தோளைப் பிடிக்காமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் உட்காரும்போதே அவள் கையில் இருக்கிற வேலையோடு பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஐஸ் கம்பெனி மேனேஜர் சங்கரலிங்கம் நல்ல மனிதர். வாசலில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“கையில ஒரு டார்ச்சக் குடுத்து, வார லாரி நம்பர எழுதச் சொல்லுவாவ” என்று ரோச் ஒரே ஒரு தடவை சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்த நாற்காலி வந்தது. மணப்பாட்டில் கடற்கரையை ஒட்டி விஜிலா என்ற பெண் ஒரு விடுதி கட்டியிருந்தாள். காற்றில் பட்டம் கட்டி அலை மேல் சறுக்க வெளியூர்க்காரர்கள் அங்கே வருவார்கள். மணலில் போட்டு உட்கார அவளுக்குப் பன்னிரண்டு மர நாற்காலி வேண்டும். ஒரு மாதிரி செய்து காட்டினால், பிடித்திருந்தால், பன்னிரண்டும் ரோச்சுக்கு. மேசையில் வைத்து நின்றபடியே செய்கிற வேலை. முதல் பன்னிரண்டு நன்றாக அமைந்துவிட்டால் அந்தக் கரையில் விடுதிகளுக்குக் குறைவில்லை. மாதிரியைப் பார்க்க இன்றைக்கு நான்கு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

விஜிலாவுக்கு ரோச்சைப் பற்றிச் சொன்னவன் அல்போன்சாவின் தம்பி ஜாய்சன். அவன் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறவன். கனடாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல்காரர்கள் ஓய்வெடுக்கிற இல்லத்தின் புல்தரையில் கிடந்த நாற்காலியை நேர் எதிரே நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். அந்த ஒரு படம்தான் ரோச்சுக்கு வரைபடம்.

படத்தை அவர் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு அந்த நாற்காலி மேல் ஒரு மரியாதை வந்தது. அதற்குப் பின்னங்கால் என்று தனியாக ஒன்று இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளக் கட்டைகள். முன்பக்கம் முழங்கால் உயரத்தில் தொடங்கி, சரிந்து பின்னால் போய்த் தரையைத் தொடுகின்றன. அந்தச் சரிவின் மேல் குறுக்கே பலகைகளை அடித்தால் அதுவே உட்காருமிடம். கட்டையின் வால் முனையே பின்னங்கால். முன்னால் மட்டும் நேராக இரண்டு கால். முதுகுக்கு ஐந்து பலகைகள். கீழே நெருங்கி, மேலே விசிறி மாதிரி விரிகின்றன. இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டே வைக்கலாம் போல அகலமான கைப்பலகைகள். உட்கார்ந்தவரின் பாரம் பின்னால் சாய்ந்து தரையில் இறங்குகிறது. எத்தனை காற்றடித்தாலும் கவிழாது.

“இதச் செஞ்சவன் வள்ளம் கட்டத் தெரிஞ்சவன்ளா” என்று அவர் அல்போன்சாவிடம் சொன்னார். “எடை எங்கன எறங்கும்னு தெரிஞ்சி வச்சிருக்கான்.”

அயினி மரப் பலகையில் எட்டு நாளில் செய்து முடித்தார். படத்தில் அளவு இல்லை. அதனால் உட்காரும் உயரத்துக்கு ஒரு வழி செய்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முட்டியை மடக்கினார். எந்த இடத்தில் முழங்கால் ‘போதும்’ என்றதோ அந்த உயரத்தில் முன்காலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடச் சொன்னார். அல்போன்சா போட்டாள்.

இப்போது அந்த நாற்காலி மூன்று குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றது.

“மச்சான்!” என்று வாசலில் குரல் கேட்டது. முந்தின நாள் இரவுதான் ஊர் வந்து சேர்ந்த ஜாய்சன், கையில் மக்ரூன் பெட்டியோடு உள்ளே வந்தான். வந்தவன் நின்றான். தண்ணீரையும் அதில் மிதந்த இலையையும், நாற்காலிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அக்காவின் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன மச்சான் இது? ஆட்டுக்குத் தண்ணி காட்டவா?”

“ஒழுகல மாப்ள” என்றார் ரோச், முகமெல்லாம் சிரிப்பாக. “மூணு கொடம் ஊத்திப் பாத்தாச்சி. ஒரு சொட்டு எறங்கல.”

“எதுக்கு மச்சான் ஒழுகக் கூடாது?”

ரோச்சுக்குக் கேள்வியே புரியவில்லை. பலகையோடு பலகை சேர்ந்தால் ஒழுகக் கூடாது. இதை யாராவது கேட்பார்களா?

“நீதானல படம் அனுப்புன? பலகைக்கு நடுவுல கறுப்பா கோடு கோடா சாந்து பூசியிருக்கே. கப்பல் மேல்தட்டுல மரப்பலகைக்குத் தார் விடுவாம்லா, அதே மாதிரி. மேல போகப் போகக் கோடு தடியாகுது. சாந்து மட்டும் அத்தன தடிக்கு நிக்காதுன்னு, நடுவுல ஆப்பு மாதிரி சீவிச் செருகிக் கலப்பத்து அடிச்சிருக்கேன். ஓரத்துல தண்ணி வழியாம ரெண்டு சட்டம் வேற.”

ஜாய்சன் மக்ரூன் பெட்டியைத் தரையில் வைத்தான்.

“மச்சான், அது சாந்து இல்ல. வெறும் இடைவெளி. அந்தப் பக்கத்து நிழல்தான் கறுப்பாத் தெரியுது.”

“இடைவெளியா?”

“ஆமா.”

“பலகைக்கும் பலகைக்கும் நடுவுலயா?” ரோச் அதைக் கெட்ட வார்த்தையைச் சொல்வது போலச் சொன்னார்.

“வெளிய கெடக்குத நாற்காலி மச்சான். மழ பேஞ்சா தண்ணி கீழ போயிரணும். காத்து உள்ள வந்து முதுகு வேக்காம இருக்கணும். அதுக்குத்தான் விட்டுவிட்டு அடிச்சிருக்கான். இதுல நிக்கித தண்ணி நாளைக்கும் நிக்கும். விடுதிக்காரிக்கு மீன் வளக்கத்தான் ஆகும்.”

நாற்காலிக்கு அடியில் அல்போன்சாவின் கால்கள் குலுங்கின. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து, எழப் போய், தலை பலகையில் இடித்து, மேலே நின்ற தண்ணீர் தளும்பி அவள் சேலை மேல் விழுந்தது.

“ஏலே ஜாய்சா, இத முன்னாலயே சொன்னா என்ன?”

“நாற்காலி செய்யச் சொன்னா தண்ணி ஊத்திப் பாப்பாவன்னு நான் கண்டேனா?”

ரோச்சும் சிரித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. சங்கரலிங்கம்.

“சாயங்காலம் சொல்லுதேன் அண்ணாச்சி. இல்ல இல்ல, மறக்கல. சாயங்காலம்.”

வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். கிழக்கே கொண்டல் காற்றில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள்; வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. மணி பதினொன்று.

“இன்னும் அஞ்சி மணி நேரம் இருக்குலா” என்றாள் அல்போன்சா, சேலையைப் பிழிந்துகொண்டே. “பிரிச்சி அடிங்க.”

“இன்னொண்ணும் இருக்கு” என்றான் ஜாய்சன். சாண் போட்டு முன்காலை அளந்தான். “இது உயரம். அங்கன உள்ளது பதினாலு அங்குலம்தான் வரும். உக்காந்தா முட்டி நம்ம வாய்க்கு வரும். இது பதினேழு இருக்கு. மூணு அங்குலம் அறுக்கணும்.”

ரோச் முன்காலைத் தடவினார். அல்போன்சா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “மொதல்ல இடைவெளியப் பாப்போம். காலக் கடைசியில அறுத்துக்கலாம்” என்றாள்.

ஜாய்சன் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கப் போனான்.

“ஏலே, எந்திரி! உக்காராத!” என்று அவள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஓடாவி ஏறாம எவனும் ஏறக் கூடாது.”

“இது என்ன வள்ளமாக்கா?”

“செஞ்சது ஓடாவிலா?”

திரேஸ்புரத்தில் அது ஒரு வழக்கம். புது வள்ளத்தை இறக்கும்போது முதலாளி ஏற மாட்டார், சாமியார் ஏற மாட்டார். கட்டிய ஓடாவிதான் முதலில் ஏறி உட்கார வேண்டும். தான் செய்ததில் தான் ஏறப் பயப்படுகிறவன் செய்ததை யார் நம்புவது?

“மச்சான், அப்ப நீங்க உக்காந்து பாத்தாச்சா?”

“பெறவு பாப்போம்” என்று ரோச் ஆணி பிடுங்கும் குறட்டைத் தேடப் போனார். ஜாய்சனின் கை மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்றுப் பூசிய சாந்து இன்னும் முழுதாகக் காயவில்லை.

நாற்காலியைத் தூக்கி மேசை மேல் தலைகீழாகப் போட்டார்கள். முதுகுப் பக்கம் சுலபமாக முடிந்தது. ரோச் சீவிச் செருகியிருந்த நான்கு ஆப்புகளையும் பின்னாலிருந்து உளியை வைத்துத் தட்ட, சாந்து பிசின் மாதிரி நூல் விட்டு இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றும் கீழ்முனையில் தாள் கனம், மேல்முனையில் விரல் தடி. அப்படிச் சீவ ஒரு நாள் முழுக்க ஆகியிருந்தது.

“எத்தன அழகா சீவியிருக்கீய மச்சான்.”

“பேசாம தட்டுல.”

ஓரச் சட்டங்களும் வந்துவிட்டன. உட்காரும் பக்கம்தான் சிக்கல். இரண்டரை அங்குல அகலத்தில் ஏழு பலகைகள், மயிரிழை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடித்தவை. ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் இழைத்துக் குறைத்தால்தான் நடுவில் சந்து வரும். ஏழு பலகையையும் கழற்றி, பன்னிரண்டு விளிம்பை இழைத்து, மறுபடி அடிக்க வேண்டும். ரோச் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

“நாலு மணிக்கு முடியாது மாப்ள.”

“ரம்பத்த விட்டு நடுவுல அறுத்தா?”

“ரம்பத்தோட கனம்தான் இடைவெளி வரும். ஒரு எறும்பு போகும். தண்ணி போவாது.”

இரண்டு பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அல்போன்சா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் பொணத்தப் பாக்க மாதிரி நிக்கிய?”

ரோச் சொன்னார். அவள் அருகில் வந்து கரண்டிக் காம்பால் பலகைகளை எண்ணினாள்.

“கோயில்ல எங்க பெஞ்சுல ஏழு பேரு. நெருக்கி நெருக்கி, கைய அசைக்க முடியாது. நடுவுல ஜெனிலா பிள்ளைக்குப் பால் குடுக்கன்னு எந்திரிச்சிப் போவா. போனதும் நாங்க எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் நகந்து காத்தோட்டமா உக்காருவோம். யாரும் மெலிஞ்சா போனோம்?”

ரோச் அவளைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை உருவினார்.

ஒரு பலகையை எடுத்துவிட்டால் இரண்டரை அங்குலம் மிச்சம். மீதி ஆறு பலகைக்கு நடுவில் ஐந்து சந்து. சந்துக்குச் சரியாக அரை அங்குலம். முன் பலகையும் பின் பலகையும் அப்படியே இருக்கலாம். நடுவில் உள்ள ஐந்தை மட்டும் கழற்றி, ஒன்றை வெளியே வைத்துவிட்டு, நான்கைப் பரப்பி அடித்தால் முடிந்தது. ஒரு விளிம்பைக் கூட இழைக்க வேண்டாம்.

“அரை அங்குலம்!” என்று அவர் மேசையைக் குத்தினார். “ஏளா, எண்ணி வச்ச மாதிரி அரை அங்குலம்!”

“ஜெனிலாவுக்கு நன்றி சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைப் பார்க்க ஓடினாள்.

ஆனால் கழற்றுவது லேசு இல்லை. வள்ளத்துக்கு ஆணி அடிக்கிறவர்கள் முனையை வெளியே வரவிட்டு, மடக்கி, மறுபடி மரத்துக்குள் கொக்கி போல இறக்கிவிடுவார்கள். அலை எத்தனை ஆட்டினாலும் ஆணி பின்வாங்காது. ரோச் நாற்காலிக்கும் அப்படித்தான் அடித்திருந்தார். பலகைக்கு நான்கு, ஐந்து பலகைக்கு இருபது கொக்கி. ஒவ்வொன்றையும் மெல்லிய உளியால் நெம்பி, நிமிர்த்தி, அடியிலிருந்து தட்டி மேலேற்றி, தலையைக் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். ஜாய்சன் நெம்பினான், ரோச் தட்டினார். முதல் ஆணிக்கு ஐந்து நிமிடம். ஆறாவது ஆணியில் கை பழகிவிட்டது. ஒவ்வொரு ஆணியும் வெளியே வரும்போது ‘கீச்’ என்று கத்தியது.

“எதுக்கு மச்சான் இப்பிடி அடிச்சிய? நாற்காலி என்ன ராமேஸ்வரத்துக்கா போகப் போவுது?”

“போனாலும் தாங்கும்.”

பன்னிரண்டரைக்குச் சாளை மீன் குழம்பு தயாரானது. இரண்டு பேர் கையும் குங்கிலியச் சாந்தில் கறுத்து ஒட்டிக் கிடந்தன. கழுவ மண்ணெண்ணெய் வேண்டும், நேரம் வேண்டும். அல்போன்சா ஒரு கும்பாவில் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, உருண்டை உருட்டி, புருஷனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வாயில் போட்டாள். ரோச் வாயைத் திறந்தபடியே சுத்தியலைத் தட்டினார்.

“முள்ளு இருக்குக்கா.”

“கப்பல்ல கோழிதான் திங்கியோ? மென்னு முழுங்கு.”

பதினாறாவது ஆணியின்போது விஜிலா கூப்பிட்டாள். ஜாய்சன் முழங்கையால் கைபேசியைத் தட்டி ஒலிபெருக்கியில் போட்டான்.

“ஜாய்சன், மழை வரும்போல இருக்கு. அதான் நாங்க சீக்கிரமே கிளம்பிட்டோம். அப்பாவும் கூட வர்றாங்க. மூணு மணிக்கெல்லாம் அங்க இருப்போம், சரியா?”

“சரிக்கா, சரிக்கா, வாங்க” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அல்போன்சா கும்பாவைத் தரையில் வைத்துவிட்டு இடுப்பில் முந்தானையைச் செருகினாள். அவளும் ஒரு உளியை எடுத்துக்கொண்டாள்.

ஆணிகள் வந்தன. ஐந்து பலகைகள் கழன்றன. நடுவில் இருந்ததை ரோச் எடுத்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார். கட்டையில் இருந்த பழைய துளைகளில் முளை சீவி அடித்து மட்டமாக வெட்டினார். சந்து எல்லாம் ஒன்று போல வருவதற்கு, கழற்றிய ஓரச் சட்டத்திலிருந்தே அரை அங்குலத் துண்டு ஒன்றை அறுத்து, பலகைக்குப் பலகை நடுவில் வைத்து, நெருக்கி, ஆணி அடித்து, துண்டை உருவி அடுத்த சந்தில் வைத்தார்கள். அல்போன்சா மண்ணெண்ணெய்த் துணியால் சாந்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். இரண்டே முக்காலுக்குக் கடைசி ஆணி முனை மடங்கியது.

“கால் மச்சான், கால்!” என்று ஜாய்சன் ரம்பத்தை நீட்டினான். “மூணு அங்குலம்.”

ரோச் ரம்பத்தை வாங்கினார். வலது முன்காலில், அடியிலிருந்து மூன்று அங்குலத்தில் பல்லை வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தார். மரத்தூள் கொஞ்சம் விழுந்தது. இரண்டாவது இழுப்புக்குள் வாசலில் கார் ஹாரன் அடித்தது.

நாற்காலியை இறக்கி மணலில் நிமிர்த்தி வைப்பதற்கும் விஜிலா உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அவளுக்குப் பின்னால் அவளுடைய அப்பா விக்டர், கனத்த உடம்பைக் கைத்தடியில் தாங்கிக்கொண்டு வந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டும் டக் படகை ஓட்டியவர்.

விஜிலா நாற்காலியைச் சுற்றி வந்தாள். கைப்பலகையைத் தடவினாள். சந்துகளில் விரலை விட்டுப் பார்த்தாள். அல்போன்சா மண்ணெண்ணெய்த் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கு அண்ணாச்சி. ரொம்ப அழகா இருக்கு. இந்தக் கால்ல என்ன வெட்டு?”

ஜாய்சன் வாயைத் திறந்தான். ரோச் முந்திக்கொண்டார்.

“நான் வச்ச வெட்டுதாம்மா. படத்துல உள்ளதவிட இது மூணு அங்குலம் உயரம். அறுக்க ஆரம்பிச்சேன். நீங்க வந்துட்டிய. வேணும்னா இப்பவே அறுத்துத் தாரேன், பத்து நிமிசம்.”

“இருங்க. அப்பா, நீங்க உக்காந்து பாருங்க.”

“நான் மாட்டேன்” என்றார் விக்டர். “கோவாவுல இந்த மாதிரி ஒண்ணுல உக்கார வச்சிய. உக்காந்தது சொகமாத்தான் இருந்துது. எந்திரிக்க ரெண்டு வெயிட்டர் வந்து இழுத்தான். சுத்தி நின்ன வெள்ளக்காரன்லாம் போட்டோ எடுத்தான்.”

“அதுதான் அண்ணாச்சி எனக்கும் பயம்” என்றாள் விஜிலா ரோச்சிடம். “வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அறுபது வயசுக்கு மேல. உக்காந்தா எந்திரிக்க முடியாத நாற்காலி எனக்கு வேண்டாம்.”

“ஓடாவி ஏறியாச்சா?” என்று விக்டர் கேட்டார்.

ஜாய்சன் அக்காவைப் பார்த்தான்.

“என்ன, ஓடாவி இன்னும் ஏறலியா? செஞ்சவரு மொதல்ல ஏறட்டும். அவரு எறங்குனதுக்குப் பெறவு நான் ஏறுதேன்.”

அல்போன்சா முன்னால் வந்தாள். “அவுகளுக்கு முட்டி—” என்று ஆரம்பித்தாள்.

“சும்மா இரிளா” என்றார் ரோச்.

அவர் நாற்காலிக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார். கைகளைப் பின்னால் நீட்டிக் கைப்பலகைகளைத் தேடிப் பிடித்தார். மெதுவாக இறங்கினார். முழங்கால் ‘போதும்’ என்று சொல்கிற இடத்துக்கு வந்ததும், அந்த இடத்தில் சரியாகப் பலகை வந்து தாங்கியது. உடம்பு பின்னால் சரிந்து முதுகு விசிறியில் படிந்தது. வேப்பமரத்துக் காற்று சந்துகளின் வழியாக வந்து முதுகைத் தொட்டது. ஏழு மாதத்தில் அவர் சாய்ந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“சொகமா இருக்கா?” என்றார் விக்டர்.

“இருக்கு.”

“அது எனக்கும் தெரியும். எந்திரிங்க.”

அல்போன்சா தன்னை அறியாமல் இரண்டு எட்டு வைத்து அவர் வலது பக்கம் போய்த் தோளைத் தாழ்த்தி நின்றாள்.

இந்த மாதிரி நாற்காலியில் எழுந்திருப்பது ஏன் கஷ்டம் என்றால், இடுப்பு முட்டியை விடத் தாழ்வாகப் போய்விடுகிறது. எழ வேண்டுமானால் மொத்தப் பாரத்தையும் முட்டிதான் தூக்க வேண்டும். ரோச்சின் நாற்காலியில் முன்பக்கம் மூன்று அங்குலம் கூடுதல். அதோடு கைப்பலகைகளை அவர் தன் கைப்பழக்கத்தில், வள்ளத்துக்குள் நிற்பவன் இரண்டு பக்க விளிம்பையும் ஊன்றி எம்புகிற உயரத்தில் வைத்திருந்தார். முட்டி பாதி மறந்துபோன வேலையை உள்ளங்கைகள் மறக்கவில்லை.

அவர் பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உள்ளங்கைகளை அகலப் பலகையில் பரப்பினார். உடம்பை முன்னால் கொண்டுவந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பலகை ‘கிறுக்’ என்றது.

எழுந்து நின்றார்.

அல்போன்சாவின் தோள் அப்படியே தாழ்ந்தபடி காத்துக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவில்லை. தொடவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் நாற்காலிக் காலில் இருந்த ரம்ப வெட்டைக் காட்டி, “இத மரத்தூள்ல மக்கு வச்சி அடச்சிரலாம், தெரியாது” என்று விஜிலாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விக்டர் கைத்தடியை ஜாய்சனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை எழுந்தபோது, “போட்டோ எடுல இப்ப!” என்றார்.

“அண்ணாச்சி” என்றாள் விஜிலா, “கால அறுக்க வேண்டாம். பன்னெண்டும் இதே உயரம். இந்த வெட்டு மட்டும் வேண்டாம்.”

ஜாய்சன் அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். “விடுல, விடுல, கை பூரா மண்ணெண்ண” என்று அவள் கத்தினாள். கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மண்ணெண்ணெய் கண்ணில் எரிந்தது; அதனால்தான் தண்ணீர் வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ரோச் சங்கரலிங்கத்துக்குக் கைபேசியில் கூப்பிட்டார். “அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க. நான் வரல. இல்ல, காலு இல்ல காரணம். வேல வந்துட்டு.”

அப்போது மழை விழுந்தது. தூறல் என்று தொடங்காமல், கடலிலிருந்து எழுந்து வந்தது போல ஒரேயடியாகக் கொட்டியது. விஜிலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் விரைந்தாள். ஜாய்சன் மக்ரூன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ரோச் மட்டும் போகவில்லை. நனைந்துகொண்டே நாற்காலிக்கு முன்னால் நின்றார். சரிவில் இறங்கிய தண்ணீர் ஐந்து சந்துகளிலும் ஐந்து கோடாகக் கீழே விழுந்து, மணலில் அரை அங்குல அகலத்தில் ஐந்து வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தது. பலகை மேல் ஒரு பொட்டு கூட நிற்கவில்லை. அவருடைய வலது கை தானாகவே சட்டைப் பைக்குள் போய், அங்கே கிடந்த பஞ்சுத் திரியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

“உள்ள வாங்க! சளி பிடிக்கும்!” என்று அல்போன்சா வாசலிலிருந்து கத்தினாள்.

“ஏளா, இங்கன வந்து பாரு!” இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவை கூட அவர் வாயிலிருந்து சந்தோஷமாக வராத வார்த்தை, மழைச் சத்தத்துக்கு மேல் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி வந்தது. “ஒழுகுதுளா! நல்லா ஒழுகுது!”